ஈரம் எங்கே வேண்டும்? கைத்தெளிப்பான் குறித்து வாசகர்கள் கேட்டவை

விதை முளைக்க வைப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, தொடக்க நாள்களில் கைத்தெளிப்பானைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நாற்றுத்தட்டில் பூவாளியால் தண்ணீர் விட்டால் விதைகள் எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. தெளிப்பான் வாங்கினால் இது தீருமா? எத்தனை நாள் வரை அதைக்கொண்டே தண்ணீர் விடலாம்?

பதில்: தீரும். ஏன் தீரும் என்பதைத் தெரிந்துகொண்டால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியை 0.2 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 1,000 துளிகள் கிடைக்கும். தண்ணீரின் அளவு மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு துளியும் மண்ணைத் தாக்கும் விசை மிகச் சிறியதாகிவிடுகிறது. நல்ல உயரத்திலிருந்து விழும் 2 மில்லிமீட்டர் மழைத்துளி நொடிக்கு 6 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் தரையைத் தொடுகிறது, 0.2 மில்லிமீட்டர் துளியோ காற்றின் தடையால் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தைக்கூட எட்டுவதில்லை. பெட்டூனியா விதை 1 கிராமில் ஏறத்தாழ 10,000 இருக்கும். பிகோனியா விதை அதைவிடவும் பொடியானது. இவை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் மூடாமல் பரப்பித்தான் விதைக்கிறோம். இப்படிக் கிடக்கும் விதைக்குப் பூவாளியின் ஒரு துளி என்பது வெள்ளம்தான்.

ஆகவே விதைப்பதற்கு முன்பே கலவையை நன்றாக நனைத்து, மிகுதித் தண்ணீரை வடியவிட்டு, அதன் பிறகு விதையைப் பரப்புங்கள். பிறகு தெளிப்பானின் முனையைப் புகைபோன்ற நுண்துளிகள் வரும்வரை திருகி, தட்டிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயரத்தில் பிடித்து, தட்டை நோக்கி நேராக அழுத்தாமல் சற்று மேலே காற்றில் அழுத்துங்கள். துளிகள் தாமாக இறங்கி விதையின் மேல் அமரட்டும். முனையை அருகில் கொண்டுபோனால் எவ்வளவு நுண்ணிய துளியானாலும் அதைத் தள்ளிவரும் காற்றே விதையை நகர்த்திவிடும். மேல்மண்ணின் நிறம் வெளிறத் தொடங்கும்போது அடுத்த தெளிப்பு. கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

முளைவிட்டு, வித்திலைகளுக்குப் பிறகு முதல் மெய்யிலைகள் வந்ததும் தெளிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் வேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தெளிப்பான் நனைப்பதோ மேலே உள்ள அரை சென்டிமீட்டரை. மேல்மண் எந்நேரமும் ஈரமாகவும் அடிமண் காய்ந்தும் இருந்தால் வேர் கீழே போகத் தயங்கும். அதோடு தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ரைசக்டோனியா என்னும் பூஞ்சாணமோ பூஞ்சாணம் போன்ற பித்தியம் என்னும் நுண்ணுயிரியோ தாக்கி, நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் இடுப்பொடிந்து சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். இந்தக் கட்டத்தில் தட்டை ஆழமற்ற தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டு, பிறகு எடுத்து வடியவிடுவதே நல்லது. நாற்றுகளைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் விடாமல் பறிகொடுத்தவர்கள் அல்லர். அன்பு மிகுதியால் தெளித்துக்கொண்டே இருந்தவர்கள். நானும் அப்படி இரண்டு தட்டுகளை இழந்திருக்கிறேன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குள் தொட்டியில் இருக்கும் செடிக்குத் தினமும் தவறாமல் காலையும் மாலையும் தெளிக்கிறேன். இலைகள் பளபளவென்றுதான் இருந்தன. ஆனால் திடீரென்று வாடிவிட்டது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா?

பதில்: அதிகமாகவில்லை, செடிக்குத் தண்ணீரே போய்ச் சேரவில்லை. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெளிப்பானின் முனையை ஓர் அளவுக் குவளைக்குள் வைத்து 20 முறை அழுத்துங்கள். விசையை இழுத்துத் தெளிக்கும் சாதாரண வகையில் ஓர் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் தண்ணீர்தான் வெளிவரும் என்பதால், குவளையில் 20 மில்லிலிட்டர் அளவில்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் வாயுள்ள தொட்டியின் மண் அடிவரை நனைய அரை லிட்டராவது வேண்டும். அதாவது, ஒரு முறை ஒழுங்காகத் தண்ணீர் விடுவதற்கு ஈடாக நீங்கள் 500 முறை அழுத்த வேண்டும். அதிலும் ஒரு பகுதி இலையிலும் காற்றிலும் போய்விடும். இலையின் பளபளப்பைப் பார்த்து மண்ணின் நிலையை முடிவு செய்ய முடியாது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் குவளையால், மெதுவாக, அடித்துளை வழியே தண்ணீர் வடியும்வரை ஊற்றுங்கள்.

மண் நெடுநாள் காய்ந்து போயிருந்தால் ஊற்றுகிற தண்ணீரை அது ஏற்காமல் தொட்டியின் ஓரம் வழியாகவே விட்டுவிடும். அப்போது மட்டும் முதலில் தெளிப்பானால் மேல்மண்ணைச் சிறுகச் சிறுக நனைத்து, பத்து நிமிடம் பொறுத்து, பிறகு ஊற்றினால் மண் மறுபடி உறிஞ்சத் தொடங்கும்.

கேள்வி: பெரணிச் செடியின் இலை நுனிகள் பழுப்பாகிக் காய்கின்றன. காற்றில் ஈரப்பதம் போதாது, அடிக்கடி தெளியுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தெளிப்பது சரி?

பதில்: நண்பர்கள் நோயைச் சரியாகச் சொல்லியிருக்கலாம், மருந்து பலிக்காது. தெளித்த நுண்துளிகள் சில நிமிடங்களில் ஆவியாகி அறைக் காற்றில் கலந்துவிடுகின்றன. அந்தச் சில நிமிடங்கள் இலையைச் சுற்றி ஈரப்பதம் உயர்வது உண்மைதான். ஆனால் மீதி நேரமெல்லாம் செடி பழைய வறண்ட காற்றில்தான் நிற்கிறது. பெரணிக்கு 50 முதல் 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் நாள் முழுவதும் வேண்டும். தெளித்தே அதைத் தர நினைத்தால், ஒருவர் வேறு வேலையின்றிச் செடியருகிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

பெரணியின் வரலாற்றிலேயே இதற்கு வழி இருக்கிறது. லண்டன் மருத்துவரான நத்தானியேல் பேக்ஷா வார்டு தம் தோட்டத்தில் பெரணி வளர்க்கப் பலமுறை முயன்று, நகரத்தின் புகையால் தோற்றவர். 1829-இல் அவர் ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்திருந்தபோது, அந்த மண்ணிலிருந்து பெரணி ஒன்று தானாக முளைத்து நன்றாக வளர்வதைக் கண்டார். மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியதால் அதற்கு யாரும் தண்ணீர் விட வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பேழைகள் கடல் கடந்து உயிருள்ள செடிகளைக் கொண்டுசெல்லப் பயன்பட்டன. உங்கள் பெரணி சிறியதென்றால் கண்ணாடிப் பேழையே அதற்கு உகந்த வீடு. பெரியதென்றால் செடிகளை நெருக்கமாக ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்று வெளிவிடும் நீராவி அடுத்ததற்குப் பயன்படும். அதுவும் போதாத அறைகளில் மின்சார ஈரப்பதமூட்டியைத் தவிர வேறெதுவும் உறுதியான பயன் தருவதில்லை. ஆனால் அதற்கு முன் வேர் ஒருமுறை முற்றிலும் காய்ந்துபோனதா, உரத்தின் உப்பு மண்ணில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் இதே பழுப்பு நுனியைத்தான் காட்டும்.

இலையில் தூசி படிந்தால் கழுவுவதற்காகவோ பார்த்து மகிழ்வதற்காகவோ தெளிக்க விரும்பினால் தாராளமாகத் தெளியுங்கள். ஆனால் காலையில் தெளியுங்கள். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல்நிறப் பூசணத்தின் வித்துகள் முளைத்துத் திசுவுக்குள் நுழைந்துவிடும். இரவில் தெளிப்பது அதற்கு வழிவிடுவதாகும். இலைமேல் வெள்ளை மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய் வேறு. அதன் வித்து முளைக்க நீர்ப்படலமே தேவையில்லை. எனவே அந்த நோய் வந்த செடியின் உரிமையாளர்கள் தெளித்ததால்தான் வந்தது என்று தங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: வெயிலில் தெளித்தால் துளிகள் பூதக்கண்ணாடி போலச் செயல்பட்டு இலையைப் பொசுக்கிவிடும் என்பது உண்மையா?

பதில்: வழவழப்பான இலைகளைப் பொறுத்தவரை உண்மையில்லை. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். மேப்பிள் இலைமேல் கண்ணாடி மணிகளை வைத்து வெயில் காட்டியபோது இலை பொசுங்கியது. தண்ணீர்த் துளிகளை வைத்தபோது பொசுங்கவில்லை. துளி இலையோடு ஒட்டித் தட்டையாகப் படிவதால் ஒளி குவியும் புள்ளி இலைக்கு வெகு கீழே போய்விடுகிறது. வெயில் உச்சிக்கு ஏறி ஒளி வலுவாவதற்குள் துளியும் காய்ந்துவிடுகிறது. ஆனால் நீரில் மிதக்கும் சால்வீனியா போன்று மெழுகுபடிந்த உரோமங்கள் துளியை உயர்த்திப் பிடிக்கும் இலைகளில் தீப்புள்ளிகள் விழுந்தன. உரோமமுள்ள இலைகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: ஆப்பிரிக்க வயலட்டின் இலைமேல் இலையைவிட மிகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வளையம் வளையமாக வெளிறிய தழும்புகள் தோன்றும்; அவை மறைவதில்லை. அந்தச் செடிக்குத் தெளிப்பானே வேண்டாம். மற்றவற்றுக்கு நண்பகலில் தெளிப்பதால் தண்ணீர் வீணாகுமே தவிர இலை கருகாது.

கேள்வி: அசுவினியும் செம்பேனும் விடாமல் வருகின்றன. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். பூச்சிகள் அப்படியே இருக்கின்றன, சில இலைகள்தாம் கருகின. என்ன தவறு செய்தேன்?

பதில்: எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நின்றிருக்கும். முதல் சில அழுத்தங்களில் வெறும் தண்ணீரும், புட்டி தீரும் நேரத்தில் அடர்ந்த எண்ணெயும் வந்திருக்கும். பூச்சி பிழைத்ததற்கும் இலை கருகியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டருக்கு மேல் வேப்பெண்ணெய் வேண்டாம். அதை முதலில் 1 அல்லது 2 மில்லிலிட்டர் திரவச் சோப்புடன் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பால்போல வரும்வரை அடித்துக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். தெளிக்கும்போதும் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை புட்டியைக் குலுக்குங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் பலன் குறையும். சோப்பு என்றால் உண்மையான சோப்பு. துணி துவைக்கும் டிடர்ஜென்ட் இலையின் மெழுகுப் படலத்தை அரித்துவிடும்.

அடுத்தது, தெளிக்கும் இடம். பெரும்பாலானவர்கள் செடிக்கு மேலே நின்று கீழ்நோக்கித் தெளிக்கிறார்கள். அசுவினியும் செம்பேனும் வெள்ளை ஈயும் இருப்பதோ இலையின் அடிப்பக்கத்தில். சோப்புக் கரைசல் பூச்சியின் உடம்பில் நேரடியாகப் பட்டால் மட்டுமே கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. ஆகவே ஒரு கையால் கிளையை மெல்ல வளைத்து, தெளிப்பானைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, இலையின் அடிப்புறம் முழுக்க நனைந்து சொட்டத் தொடங்கும் தறுவாயில் நிறுத்துங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும்.

வேம்பின் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். அதோடு பகலில் தேனீக்கள் பூக்களில் இருக்கும், அவற்றின் மேல் கரைசல் பட்டால் அவையும் சாகும். எனவே மாலையில் தெளியுங்கள். இலை இரவில் ஈரமாக இருக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண்தான். இருள்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடித்து, காற்றோட்டமான இடத்தில் செடியை வைத்துவிட்டால் இரண்டையும் காப்பாற்றலாம். முழுச் செடிக்கும் தெளிக்கும் முன் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் காத்திருங்கள். இந்தப் பொறுமை மட்டும் இருந்திருந்தால் உங்கள் செடியின் மற்ற இலைகள் தப்பியிருக்கும்.

இவ்வளவுக்கும் முன்பாக ஒன்று செய்யலாம். தொடக்கத்திலேயே கவனித்துவிட்டால், முனையைக் கம்பிபோல் நீர் பாயும் நிலைக்குத் திருகி, வெறும் தண்ணீரையே இலையின் அடியில் பீய்ச்சி அடித்தால் அசுவினி உதிர்ந்து விழும். பெரும்பாலும் திரும்ப ஏறிவராது. செம்பேன் வறண்ட சூட்டில் பெருகுவது என்பதால் அதற்கும் இது நல்ல முதலுதவி. தண்டு தடித்த செடிகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: களைக்கொல்லி தெளித்த புட்டியை நான்கைந்து முறை கழுவிவிட்டுச் செடிகளுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் ரப்பர் வளையத்திலும் உறிஞ்சு குழாயிலும் தங்கி, பிறகு சிறுகச் சிறுக வெளிவரும். தக்காளி, திராட்சை, பருத்தி போன்றவை அதன் மிகச் சிறிய அளவுக்கே இலை சுருண்டு உருக்குலைந்துவிடும். களைக்கொல்லிக்கு ஒன்று, பூச்சிக் கரைசலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று வைத்து, அழியாத மையால் புட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். மூடியில் எழுத வேண்டாம், மூடி மாறிவிடும்.

கேள்வி: இளந்தளிர்கள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. உரத்தை இலைமேல் தெளித்தால் போதுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக் குறைவுக்குப் பொருந்துகிறது. அதற்கு இலைவழித் தெளிப்பு விரைவில் பலன் தரும். கொடுக்கிணைப்பு இரும்பு (chelated iron) என்று விற்பதை உறையில் குறித்த அளவுக்கு ஒரு துளியும் மிகாமல் கரைத்து, இலைத்துளைகள் மிகுதியாக உள்ள அடிப்புறத்திலும் படும்படி தெளியுங்கள். நுண்ணூட்டங்கள் மிகச் சிறிதளவே தேவை என்பதால் இலையே அவற்றை ஏற்றுக்கொள்ளும். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் செடி கேட்கும் அளவுக்கு இலைவழியே கொடுக்க முடியாது. அவை வேருக்கு உரியவை. மண் சுண்ணாம்பு மிகுந்ததாக இருந்தால் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அப்படியானால் மண்ணைத் திருத்தும்வரை மஞ்சள் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: இலைகளில் வெள்ளைத் திட்டுகள் படிகின்றன, தெளிப்பானும் அடைத்துக்கொண்டு ஒருபக்கமாகவே பீய்ச்சுகிறது. ஊசியால் குத்திப் பார்த்தும் சரியாகவில்லை.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கடினநீர். துளி ஆவியானதும் அதிலிருந்த சுண்ணாம்பு இலையிலும் முனையின் துளையிலும் தங்கிவிடுகிறது. முனையைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். சிறு குமிழிகள் கிளம்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். பிறகு மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரை இருபது முறையாவது அழுத்தி வெளியேற்றுங்கள். ஊசியை இனித் தொடாதீர்கள். துளை நுண்ணியது, ஒரு பக்கம் சற்றே அகன்றாலும் தெளிப்பின் வட்டம் கோணலாகிவிடும், பிறகு முனையை மாற்றுவதே வழி. இலைமேல் உள்ள திட்டை வினிகர் சில துளிகள் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால், இலையைக் கீழிருந்து உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு துடையுங்கள்.

இனி இலைக்குத் தெளிக்க மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்துங்கள். கடினத்தை நீக்கும் உப்புக் கருவியின் வழியே வந்த நீர் வேண்டாம். அதில் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் வந்திருக்கும். புட்டியில் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம். வெளிச்சம் படும் புட்டியில் பாசி பிடிக்கும் என்பது ஒருபுறம். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள தேங்கிய நீரில் லீஜியனெல்லா என்னும் பாக்டீரியா பெருகக்கூடும் என்பதும், அது நுண்துளிகளோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும் என்பதும் மறுபுறம்.

கேள்வி: ஆர்க்கிட்டின் வேர்கள் தொட்டிக்கு வெளியே தொங்குகின்றன. அவற்றின் மேல் தெளிக்க வேண்டுமா?

பதில்: தெளியுங்கள், அவை காற்றிலிருந்தே ஈரம் பிடிக்கப் பிறந்தவை. வேரின் வெள்ளை உறை பஞ்சுபோலத் தண்ணீரை ஈர்க்கும். வெள்ளியாகத் தெரிந்த வேர் பச்சையாக மாறினால் அதற்குப் போதும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது. ஃபெலனாப்சிஸ் வகைக்கு வளரும் முனை அந்த ஒன்றுதான்; அது அழுகினால் செடி மேற்கொண்டு வளர்வது அரிது. தவறிப் பட்டுவிட்டால் உடனே மெல்லிய தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மூட்டுவலி உண்டு. நாற்பது தொட்டிகளுக்கு விசையை அழுத்தி அழுத்தித் தெளிக்க முடியவில்லை. வேறு வகை உண்டா?

பதில்: உண்டு. காற்றழுத்தத் தெளிப்பான் உங்களுக்கு உகந்தது. மேலே உள்ள பிடியைப் பத்துப் பதினைந்து முறை அடித்து உள்ளே காற்றை அடைத்துவிட்டால், பிறகு கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாலே போதும். 1 லிட்டர் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். 2 லிட்டர் நிரம்பியது கையில் 2 கிலோவுக்கு மேல் கனக்கும், விரலைக் காப்பாற்றி மணிக்கட்டைக் கெடுத்ததாகிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீரைத் தள்ளுவது மேலே அடைபட்ட காற்று என்பதால் அதற்கு இடம் வேண்டும். திறக்கும் முன் அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பானை இழுத்து, சீறல் நின்ற பிறகே மூடியைத் திருகுங்கள். அழுத்தத்தோடு வெயிலில் வைக்க வேண்டாம்.

அதுவரை இப்போதுள்ளதையே பயன்படுத்துவதானால் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். அது சற்று வளைந்திருக்கும். கீழ்நோக்கிச் சாய்த்துத் தெளிக்கும்போது தண்ணீர் முன்பக்கம் திரளும். குழாயின் நுனி பின்பக்கம் இருந்தால் பாதிப் புட்டி மீதமிருக்கும்போதே காற்றை உறிஞ்சத் தொடங்கி, நீங்கள் வீணாக அழுத்திக்கொண்டிருப்பீர்கள். தலையைக் கழற்றி, குழாயின் நுனி முனை நோக்கும் அதே திசையில் இருக்கும்படி திருப்பிப் பொருத்துங்கள். இலையின் அடிப்புறத்துக்கு மேல்நோக்கித் தெளிக்கும் நாளில் மட்டும் அதைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.